எதிர்பார்க்கும் தவறு

சலவை ஆலையில் மூன்று மணிக்குச் சங்கு ஊதியதும் காலை முறைக்காரர்கள் வெளியே வருவார்கள், மதிய முறைக்காரர்கள் உள்ளே போவார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கூடத்தில் ஈ காக்கை இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் ஆலை மேலாளர் அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். காலை முறை முடித்த பன்னிரண்டு பேர், மூன்று நீள மேசைகள், சுவரில் சாய்த்துவைத்த ஒரு வெள்ளைப் பலகை, காலையில் சிந்திய டீயின் வாசனை. இதுதான் அவளுடைய பள்ளிக்கூடம். பாடம் ஆங்கிலம்.

பதினொரு வருஷம் மருந்துக்கடையில் நின்றவள் அவள். கோழி கிளறியதுபோல் டாக்டர்கள் எழுதித் தள்ளிய சீட்டுகளைப் படித்துப் படித்து, ஆங்கிலத்தின்மேல் இருந்த பயம் விட்டுப்போயிருந்தது. முப்பத்தொன்பதாவது வயதில் என்ன தோன்றியதோ, மாலைப் பயிற்சி நிலையம் ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கற்றுத்தருகிற இடம் அது. நாள் முழுக்க நின்ற கால்வலியோடு எட்டு மாதம் போய் உட்கார்ந்தாள். எழுத்துத் தேர்வெல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. நிஜமான மாணவர்களை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அவள் வகுப்பெடுக்க வேண்டும். நிலையத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அதில் தேறினால்தான் சான்றிதழ்.

மேலாளர் நல்ல மனுஷர், ஆனால் கறார். புதிதாகத் திறந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் துணி முழுவதையும் இந்த ஆலைக்கு அனுப்ப ஒத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து போனில் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். இங்கே எடுத்தவர்கள் எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். குழந்தைகள் வார்டுக்குப் போகவேண்டிய சின்னப் போர்வைகள் பெரியவர்கள் வார்டுக்குப் போய், ஆறடி ஆட்கள் முழங்கால்வரை போர்த்திக்கொண்டு கிடந்ததாகக் கேள்வி. அதற்குப் பிறகுதான் இந்த வகுப்பு வந்தது. "மாசக் கடைசிக்குள்ள சான்றிதழ கொண்டாந்துடுங்கம்மா. இல்லேன்னா வேற ஆள வைக்கச் சொல்லுவாங்க, என் கையில இல்ல" என்று மேலாளர் சொல்லியிருந்தார். மருந்துக்கடை வேலையை அவள் ஏற்கெனவே விட்டாயிற்று. அவள் நின்ற இடத்தில் இப்போது கடைக்காரருடைய மைத்துனர் மகள் நிற்கிறாள். திரும்பிப் போக வழியில்லை.

அதே ஆலையில் பாய்லரைக் கவனித்துக்கொள்கிறவன்தான் அவள் புருஷன். பதினெட்டு வருஷமாக பாய்லர்காரன். ஊசி எந்தக் கோட்டைத் தொட்டால் என்ன செய்யவேண்டும், எந்த வால்வு எந்த மழைக்குக் கனைக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனிடம் ஒரே ஒரு கோளாறு. தெரியாது என்கிற வார்த்தை அவன் வாயில் வராது. வழிப்போக்கர் யாராவது தெருப் பெயர் சொல்லிக் கேட்டால், அப்படியொரு தெருவை ஜன்மத்தில் கேள்விப்பட்டிராவிட்டாலும் கையை நீட்டி வழிசொல்லி அனுப்புவான். மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நட்சத்திரங்களைக் காட்டிக் கேட்டதற்கெல்லாம் ஒன்றுவிடாமல் பெயர் சொன்னான். பள்ளிக்கூடம் போன பிறகுதான் அத்தனையும் அவனே வைத்த பெயர்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

வகுப்புக்கு வரச்சொல்லி மேலாளர் அவனையும் கேட்டார். பாய்லரை விட்டுவிட்டு வரமுடியாது என்றான். மூன்று மணிக்கு மதிய முறை பாய்லர்காரர் வந்துவிடுவார் என்பது ஆலையில் பூனைக்குக்கூடத் தெரியும். கட்டினவளுக்கு முன்னால் சிலேட்டும் கையுமாக உட்காருவதா என்பதுதான் உள்ளே இருந்த விஷயம். யாராவது "வீட்ல என்ன பண்றாங்க?" என்று விசாரித்தால்கூட, "மருந்துக்கடையில இருந்தாங்க" என்பான். இப்போது என்ன செய்கிறாள் என்பதைச் சொல்லாமல் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவான்.

மழைதான் அந்த வருஷம் பேசுவதற்கு வேண்டிய அளவு பெய்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக விடவில்லை. ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து இறக்கும் அழுக்குமூட்டைகள் நனைந்து இரட்டைப் பாரமாக வந்தன. பிரிக்கும் மேசையில் விரிப்பு தனி, தலையணை உறை தனி, ரத்தக்கறை பட்டது தனி என்று பிரித்து, துவைத்து, பிழிந்து, சூடான உருளைகளுக்குள் விட்டு இழுத்தால் மறுபக்கம் அப்பளம்போல் வரும். உருளைப் பக்கம் நிற்பவர்களுக்கு வேர்வை ஊற்றும். முற்றத்துப் பக்கம் நிற்பவர்களுக்குக் குளிர் எடுக்கும். சாப்பாட்டுக்கூடத்துக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் அவள் தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது.

முதல் நாள் வகுப்பில் அவள் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம். ஐ டோன்ட் நோ. எனக்குத் தெரியாது. அதைச் சொல்லப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று பயிற்சி நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் கோரஸாக அழகாகச் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஆறு வாரத்தில் ஒருவர்கூட அதைத் தனக்காகச் சொல்லவில்லை. தெரியாதபோது தலையைக் குனிந்துகொண்டார்கள், இருமினார்கள், பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். பிரிக்கும் மேசைக்காரர் ஒருவர் இருந்தார். உலக விஷயம் எதிலும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பதால் அவருக்கு மேயர் என்று பெயர். அவர் மட்டும் தெரியாததையும் உரக்கச் சொல்லுவார்.

அந்த முதல் நாள் கோரஸோடு சரி, அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசாத ஒருத்தியும் இருந்தாள். மடிப்பு மேசையில் வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்தவள். அவள் பாஷை இங்கே யாருக்கும் தெரியாது. இவர்கள் பேசும் தமிழ் அவளுக்குத் தெரியாது. வந்த அன்றைக்குப் 'புதுசு' என்று யாரோ கூப்பிட்டார்கள், எட்டு மாதமாகியும் அவள் புதுசுதான். வகுப்புக்குத் தவறாமல் வருவாள், ஓரத்தில் உட்காருவாள், பலகையைப் பார்ப்பாள், மணி அடித்தால் எழுந்து போவாள்.

பரிசோதகர் வரும் நாள் குறித்தாகிவிட்டது. போனில் துணி கேட்டால் எப்படிப் பதில் பேசுவது என்பதுதான் பாடம். அவளும் மகளும் உட்கார்ந்து விரிப்பு, உறை, துண்டு, போர்வை என்று அட்டையில் படம் வரைந்தார்கள். மகளுக்கு வயது பதினாலு, படம் நன்றாக வரும். பாடத்திட்டம் ஆறு தாள் வந்தது. நிலையத்துக்காரர்கள் கேட்கும் முறை அப்படி. எந்த நிமிஷத்தில் என்ன என்று ஒரு கட்டம், ஆசிரியர் சொல்வது ஒரு கட்டம், மாணவர் சொல்லக்கூடியது ஒரு கட்டம். கடைசியில் 'எதிர்பார்க்கும் தவறு' என்று ஒரு கட்டம். யார் எங்கே தடுக்கி விழுவார், அவரை எப்படித் தூக்கிவிடுவது என்று முன்கூட்டியே எழுதவேண்டும். அதில் அவள் எழுதினாள்: 'மேயர் எத்தனை என்று கேட்பார். எந்த வார்டுக்கு என்று கேட்க மறந்துவிடுவார்.'

ஆறு தாளையும் சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகைக்கு அடியில் வைத்திருந்தாள். ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது மூன்றாவது தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கறை இருந்தது. படம் வரைகிறேன் என்று மை கொட்டினாயா என்று மகளைத்தான் திட்டினாள். மகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே யோசித்திருக்கவேண்டும், எதிர்த்துப் பேசாத பிள்ளையா அது.

பரிசோதகர் குடையோடு வந்தார். ஒல்லியான அம்மாள், நனைந்த செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டுக் கடைசி மேசையில் உட்கார்ந்தார். அவள் அட்டைகளை இன்னொருமுறை அடுக்கினாள். முதல் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டு முடிக்குமுன் பன்னிரண்டில் பதினொரு பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது அட்டைக்கும் அப்படியே. மூன்றாவதைக் கையில் எடுத்தாள், இன்னும் திருப்பவில்லை. அட்டையின் வெறும் முதுகைப் பார்த்து, துணி வண்டி ஓட்டும் வண்டிக்கார அண்ணன், "டவல்" என்றார்.

துண்டுதான்.

அவள் அட்டையைத் திருப்பாமலே கீழே வைத்தாள். அடுத்துக் கேட்கவேண்டியதைக் கேட்டாள். அவர்கள் அதற்கும் பதில் சொன்னார்கள், அதற்கு அடுத்ததற்கும் கேட்காமலே சொன்னார்கள். மேயர் முறை வந்தது. கூடத்து மூலையில் கிடந்த செத்துப்போன போனைக் காதில் வைத்துக்கொண்டு, எத்தனை விரிப்பு என்று ஆங்கிலத்தில் கணீரென்று கேட்டார். பிறகு நிறுத்தினார். நெற்றியில் கைவைத்தார். கூரையைப் பார்த்தார். எதையோ மறந்துவிட்ட மனிதன் எப்படி இருப்பான் என்று ஊருக்கே காட்டுகிற மாதிரி மறந்தார். மறந்துவிட்டு, அவள் வந்து தூக்கிவிடுவதற்காகக் காத்திருந்தார்.

உணவு கொடுக்கும் ஜன்னல் வழியாக அவள் வெளியே பார்த்தாள். பாய்லர்காரன் எண்ணெய்த் துணியால் கைகளைத் துடைத்தபடி நின்றிருந்தான். அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. உள்ளே மேயர் சொல்லவேண்டிய அடுத்த வரியை அவன் அங்கே சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

முக்கால் மணி நேரப் பாடம் பன்னிரண்டாவது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பதினொரு முகங்களும் அவளையே பார்த்தன. அவ்வளவு பெருமை அந்த முகங்களில். கோபப்படவும் வழியில்லை. பின்னால் பரிசோதகரின் பேனா நின்றுவிட்டது. இன்னும் முப்பத்துமூன்று நிமிஷம் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. இங்கேயே எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். அப்போதுதான் ஓரத்தில் உட்கார்ந்திருந்த புதுசு கண்ணில் பட்டாள். பதினொரு பேரும் சொன்னார்கள், இவள் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்தவனுக்கு இவள் பாஷை தெரியாது. இவளை மட்டும் அவனால் கெடுக்க முடியவில்லை.

அவள் ஆறு தாளையும் கவிழ்த்து வைத்தாள். புதுசை முன்னால் அழைத்து, போனை அவள் கையில் கொடுத்தாள். இன்னொரு முனையில் இருப்பதாகக் காதில் கைவைத்துக்கொண்டு மேயர் விரிப்பு கேட்டார். புதுசு போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேயர் வாயசைத்து எடுத்துக்கொடுக்கப் பார்த்தார்; வகுப்பெடுக்கிறவள் கையைத் தூக்கி அவரைத் தடுத்தாள். காத்திருக்கவேண்டும். பயிற்சியில் அவளுக்கு மிகக் கஷ்டமாக இருந்த பாடம் அதுதான். கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு நிற்பது. கூரையில் மழை விழுந்தது. ஒரு நிமிஷம் போனது. சூடான உருளையில் வேலை பார்க்கும் உருளை அக்கா தாங்கமுடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐ டோன்ட் நோ" என்றாள் புதுசு.

அந்தக் கூடத்தில் முதல்முறையாக ஒருவர் அதை நிஜமாகச் சொன்னார். அங்கிருந்துதான் அன்றைய வகுப்பு தொடங்கியது. வண்டிக்கார அண்ணன் அட்டையைக் காட்டினார், உருளை அக்கா விரல்விட்டு எண்ணிக் காட்டினார், தமிழ் உதவாது என்பதால் எல்லாரும் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் தேடித் தேடி எடுத்தார்கள். தப்பும் தவறுமாகப் பேசினார்கள். மணி அடிக்கப் போகிற நேரத்தில் மேயர் மறுபடியும் இருபது விரிப்பு கேட்டார். புதுசு, "ஓகே. ட்வென்ட்டி" என்று சொல்லிவிட்டு ஒரு விநாடி நின்று, "விச் வார்ட்?" என்றாள். மேயர் திறந்த வாய் மூடாமல் நின்றார். வார்டைச் சொல்ல அவர் இந்தத் தடவை நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு பரிசோதகர் தன் தாளை மடித்துக்கொண்டே பேசினார். "முதல் பன்னண்டு நிமிஷத்த நான் கணக்குல எடுத்துக்க முடியாதும்மா. ஜனங்க கத்துக்கிறத பாக்க வந்தேன், இவங்க கத்துக்கிட்டே வந்திருக்காங்க. அதுக்கப்புறம் நடந்தது நல்லா இருந்துச்சு. ஆனா தேற வைக்க அந்த நேரம் போதாது. மாசக் கடைசில இன்னொரு தடவ வரேன், புதுப் பாடம் எடுங்க." குடையை எடுத்தவர் வாசலில் நின்றார். "யாரோ உங்க மேல ரொம்பப் பிரியமா இருக்காங்க. அதுக்கு மார்க் போட எங்கிட்ட கட்டம் இல்ல."

வீட்டுக்கு அவளும் புருஷனும் ஒரே குடையில் கிளம்பினார்கள். அவன் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தன் வலது தோள் நனைய நடந்தான். வீட்டில் ரொட்டியும் முட்டையும் உருளைக்கிழங்கும் செய்தாள். தட்டுகள் காலியான பிறகு மூன்றாவது தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உங்க கட்டைவிரல்தானே?"

அவன் தாளைப் பார்த்தான். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தான். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"ஆமா."

"எத்தன நாளா நடக்குது?"

"பத்து நாள். காலைல டீ நேரத்துல. மழைக்கு எல்லாரும் பாய்லர் ரூம்லதான் வந்து ஒதுங்குவாங்க. டீச்சர் பாஸ் ஆகணும்னு சொன்னேன், அவ்வளவுதான். நான் யாரையும் வற்புறுத்தல."

"உங்களுக்கு இங்கிலீஷே படிக்க வராதே."

அவன் தண்ணீர் குடித்தான். சமையலறை வாசலில் நின்ற மகள்தான் பதில் சொன்னாள். "நான் வாசிச்சேம்மா. அப்பா தமிழ்ல எழுதிக்கிட்டாரு."

அவன் எழுந்து போய்ப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்தான். பாய்லர் நோட்டு. முன்பக்கமெல்லாம் மணிக்கு மணி அழுத்தமும் தண்ணீர் மட்டமும் எழுதியிருந்தது. கடைசியிலிருந்து திருப்பினால் அவளுடைய ஆறு தாளும் தமிழ் எழுத்தில் இருந்தன. ஹவ் மெனி ஷீட்ஸ். விச் வார்ட். பக்கத்தில் பக்கத்தில் யார் யார் எதைச் சொல்லவேண்டும் என்று அடைப்புக்குறி. மேயர் என்று போட்டு, 'இங்க மறக்கணும்' என்று அடிக்கோடு இழுத்திருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"நீங்க என்ன பண்ணிருக்கீங்கன்னு தெரியுதா உங்களுக்கு? அவங்களுக்கு எது தெரியலையோ, அதுதான் என் வேலை. அத எங்கிட்டேர்ந்து எடுத்துட்டீங்க. நாளைக்கு நீங்க போறதுக்கு முன்னாடி நான் போய் உங்க பாய்லர பத்தவச்சு, ஆவி ஏத்தி வச்சுட்டு, ஒத்தாசை பண்ணேன்னு வந்து நின்னா எப்படி இருக்கும்?"

"பாய்லர்ல நீ கை வைக்கக்கூடாது. அதுக்கு லைசென்ஸ் வேணும்" என்றான் அவன், யோசிக்காமல்.

"அதேதான்" என்றாள் அவள்.

மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே நழுவினாள். அவன் நோட்டின் மூலையை மடித்தான், நிமிர்த்தினான்.

"மருந்துக்கடைல இருந்த வரைக்கும் நீ வீட்டுக்கு வந்தா பேசவே மாட்ட. பதினோரு வருஷம். வருவ, சமைப்ப, படுப்ப. இப்ப பாரு, அடுப்புகிட்ட பேசுற, குழாய்கிட்ட பேசுற. கண்ணாடிய பாத்து கேள்வி கேட்டுட்டு நீயே பதிலும் சொல்லிக்கிற. நான் படுத்துக்கிட்டு கேட்டுட்டே இருப்பேன். பழையபடி ஆயிடுவியோன்னு பயமா இருந்துச்சு. எனக்கு வேற என்ன பண்றதுன்னு..."

அங்கே நின்றுவிட்டான். மிச்ச வார்த்தை வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். வரவே இல்லை.

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்றாள் மெதுவாக.

"பொண்டாட்டிகிட்ட பாடம் படிக்கிறான்னு ஆலைல சிரிப்பாங்க."

"பத்து நாள் நீங்களும்தான் வாத்தியாரா இருந்திருக்கீங்க. எப்படி இருந்துச்சு?"

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. முகத்தைத் தடவிக்கொண்டான். "நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிக்காரருக்கு நாலு நாளா நாக்கு புரளல. அஞ்சாம் நாள் திடீர்னு வந்துச்சு பாரு, அவரு மூஞ்சிய பாக்கணும் நீ. மேயருக்குத்தான் கஷ்டம். வார்ட மறக்கவே மாட்டேங்கிறான். அவன மறக்க வைக்கிறதுக்கே மூணு நாள் ஆச்சு."

சொல்லும்போது அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளுக்கு அது தெரிந்த வெளிச்சம். மருந்துக்கடையை விட்டு அவள் வந்ததே அதற்காகத்தான். அதற்குமேல் அவளால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. ஆனாலும் அன்று முழுக்கப் பிடித்துவைத்த மாதிரியே காட்டிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று மணிக்கு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பாய்லர்காரன் சாப்பாட்டுக்கூடத்துக்குள் வந்தான். யாரும் சிரிக்கவில்லை. மேயர் மட்டும் நகர்ந்து இடம் கொடுத்து, மதிய முறை ஆள் இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாராக்கும் என்று கேட்டார். ஆமாம் என்றான் அவன். தினமும் வந்தான். பாய்லர் நோட்டைக் கடைசியிலிருந்து திருப்பி எழுதிக்கொண்டான். தெரிந்ததற்கு எல்லாரையும் முந்திக்கொண்டு பதில் சொன்னான். தெரியாததற்கு எதையாவது தெரிந்த மாதிரியே சொன்னான். துண்டுக்குத் தலையணை என்றான். தப்பு என்று அவள் சொன்னதும், எங்கள் ஆலையில் அப்படியும் சொல்வார்கள் என்றான்.

இரண்டாவது தடவைக்குப் புதிய திட்டம் எழுதினாள். துணியில் குறை இருப்பதாக ஆஸ்பத்திரிக்காரர்கள் போன் பண்ணினால் என்ன சொல்வது என்பது பாடம். எழுதிய தாள்களை இந்தமுறை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். எதிர்பார்க்கும் தவறு என்ற கட்டத்துக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்: 'பாய்லர்காரர் தெரியாது என்று சொல்லமாட்டார். தெரிந்ததுபோல் ஏதாவது சொல்லிவிடுவார்.' அதைத் தூக்கிவிடுவது எப்படி என்ற இடத்தை நிரப்ப அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. 'காத்திருப்பேன்' என்று மட்டும் எழுதினாள்.

மாதத்தின் கடைசி வேலைநாள். பரிசோதகர் அதே குடையோடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். வகுப்பு நல்லபடியாகத்தான் போனது. புதுசு இரண்டுமுறை தெரியாது என்றாள், உருளை அக்காகூட ஒருமுறை சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். இருபதாவது நிமிஷத்தில் அவள் ஓர் அட்டையை எடுத்தாள். மகள் வரைந்தது. வெள்ளை விரிப்பு, நடுவில் பழுப்பாகக் கருகிய தடம். பாய்லர்காரனுக்கு முன்னால் போய் நின்று, இந்த விரிப்புக்கு என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவன் படத்தைப் பார்த்தான். என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா. ஆவி கூடிப்போய், உருளை சூடேறி, துணி ஒரு நொடி நின்றால் விழுகிற தடம் அது. பதினெட்டு வருஷத்தில் எத்தனை பார்த்திருப்பான். ஆங்கிலத்தில் அதற்கு வார்த்தைதான் இல்லை. அவன் முகம் மாறியது. வழிப்போக்கருக்குக் கை நீட்டுவதற்கு முன்னால் வருகிற முகம். அவளுக்கு அது பதினாறு வருஷப் பழக்கம்.

அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். மேயர் அவனைப் பார்த்தார், வண்டிக்கார அண்ணன் தரையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மழை நின்று, கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. அவன் நோட்டை மூடினான். எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் எழுந்து நின்றான்.

"ஐ டோன்ட் நோ" என்றான்.

பாதிதான் வெளியே வந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, 'பர்ன்ட்' என்ற வார்த்தையைத் தேவைக்குமேல் பெரிதாக எழுதினாள். சொல்லிக்காட்டினாள். அவன் சொன்னான். இன்னொருமுறை சொன்னான். உட்கார்ந்து நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டான். அவள் அடுத்த அட்டையை எடுத்தாள்.

பரிசோதகர் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. கையெழுத்துப் போட்ட தாளை அவளிடம் கொடுத்தார். எதிர்பார்க்கும் தவறு என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், 'நடக்கவில்லை' என்று குறித்திருந்தார். அதற்குக் கீழே தேறினார் என்று இருந்தது. அவள் அதை மூன்றுமுறை படித்துவிட்டு மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தார்.

வீட்டுக்கு நடந்து போனார்கள். மழை விட்டிருந்தாலும் அவன் பழக்கதோஷத்தில் குடையை விரித்தே பிடித்திருந்தான். தெருமுனையில் பெட்டியோடு நின்ற ஒருவர், வாயில் நுழையாத ஒரு தெருப் பெயரைச் சொல்லி வழி கேட்டார். பாய்லர்காரன் ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டினான். "நேரா போயி இடப்பக்கம் திரும்புங்க. ரெண்டாவது கட்டடம்" என்றான். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்.

அவள் அவனோடு நடக்கவில்லை. நின்றாள். அவனையே பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி நின்றாள். அவன் இரண்டு அடி நடந்து பார்த்தான், திரும்பிப் பார்த்தான், குடையை மடக்கினான். பிறகு அந்த ஆளுக்குப் பின்னால் ஓடினான்.

"ஐயா, நில்லுங்க. எனக்கு அந்தத் தெரு தெரியாது. சும்மா சொல்லிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, நடந்துவந்துகொண்டிருந்த அவளைக் கைகாட்டினான். "அவங்கள கேளுங்க. என் வீட்டுக்காரி. டீச்சர்."